‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ சாயலில் போனில் ஒரு போட்டோ எடுக்கலாம், வாங்க

பழைய படம் மாதிரி போட்டோ வேண்டும் என்றால் பலரும் நேராக ஃபில்டருக்குப் போய்விடுகிறார்கள். ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ பார்த்தவர்களுக்கு அதில் திருப்தி வராது. பீட்டர் வியர் இயக்கி 1975-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் இது. 1900 பிப்ரவரி 14 அன்று ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி மாணவிகள் விக்டோரியாவில் உள்ள அந்தப் பாறைக்குன்றுக்குச் சுற்றுலா போகிறார்கள். மேலே ஏறிய மூன்று மாணவிகளும் ஓர் ஆசிரியையும் காணாமல் போகிறார்கள். ஏன் என்று படம் கடைசிவரை சொல்லாது. சொல்லாமலே நம்மை உட்கார வைப்பதில் பாதி வேலை அந்த ஒளியுடையது. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட், மணப்பெண் முக்காட்டுக்கான வலைத்துணியை லென்ஸின் மேல் போட்டு எடுத்தார். அதைத்தான் நாம் போனில் செய்யப்போகிறோம்.

1. துணி

தையல் சாமான் கடையில் குழந்தைகள் கவுனுக்குப் போடும் நெட் துணி கிடைக்கும். ஒரு சாண் போதும். வலைக்கண்கள் எவ்வளவு பொடிசோ அவ்வளவு நல்லது. முதல் தடவை நான் வீட்டில் கிடந்த கொசுவலையை வெட்டிப் பார்த்தேன். போன் லென்ஸ் சின்னதாயிற்றே, படம் முழுக்க மங்கலாகக் கட்டம் விழுந்ததுதான் மிச்சம். நிறம் வெள்ளையோ சந்தனமோ இருக்கட்டும். வெள்ளை நூலில் படும் வெளிச்சம் நிழல் பகுதிக்குள்ளும் கசியும், பால் கலந்தது போல ஒரு மங்கல் வரும். கறுப்பு நெட்டில் நிழல் அப்படியே அடர்த்தியாக நிற்கும்.

2. ஆடை, பொருள்

வெள்ளைப் பருத்தி, லேஸ், வைக்கோல் தொப்பி, இடுப்பில் ஒரு ரிப்பன். இதோடு நிறுத்தினால் பிறந்தநாள் போட்டோதான் வரும். அந்தப் படத்தின் அழகு இறுக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி நல்ல கோடை. அந்த வெயிலிலும் பிள்ளைகள் கறுப்புக் காலுறையும் கையுறையும் போட்டிருப்பார்கள். உட்எண்ட் ஊரைத் தாண்டிய பிறகுதான் கையுறையைக் கழற்றலாம் என்பது தலைமையாசிரியை உத்தரவு. அதனால் உங்கள் படத்திலும் கழுத்துவரை பொத்தான் போடுங்கள், கறுப்பாக ஏதாவது ஒன்று சேருங்கள். ஆள் இல்லையா? மேசைமேல் வெள்ளை விரிப்பு, கழற்றி வைத்த கையுறை, ஒரு பழைய கைக்கடிகாரம் போதும். முள்ளைப் பன்னிரண்டில் வையுங்கள். ஏன் என்று படம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

3. இடமும் வெளிச்சமும்

மரத்தடிக்குப் போங்கள். வெயில் ஆளின் முதுகுப் பக்கம் விழ வேண்டும். அப்போதுதான் முடி ஓரமும் தொப்பி விளிம்பும் பளிச்சென்று ஆகி, அந்த வெளிச்சம் துணியில் பரவும். மேகமூட்டத்தில் எடுத்தால் பரவுவதற்கே ஒன்றும் இருக்காது, சும்மா மங்கலாக வரும். பின்னால் கரடுமுரடான பாறையோ பழைய கருங்கல் சுவரோ இருந்தால் விடாதீர்கள். மென்மைக்குப் பக்கத்தில் கடினமாக ஒன்று நின்றால்தான் வயிற்றில் லேசாக ஒரு பயம் வரும்.

4. போன்

நெட்டைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, லென்ஸை மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஜூம் வேண்டாம், 1எக்ஸ் போதும். எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் போனே சமன் செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த மங்கலைப் போன் தானாகச் ‘சரி’ செய்துவிடும். அப்புறம் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், வெள்ளை ஆடையின் மடிப்பு தெரியும் வரைக்கும்.

5. எடிட்டிங்

வார்ம் (மஞ்சள் சாயல்) கொஞ்சம் கூட்டி, கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்) கொஞ்சம் குறைத்து, துளி கிரெயின் (பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி). அவ்வளவுதான். செப்பியா என்கிற பழுப்பு நிறத்தின் பக்கம் போகவே போகாதீர்கள், அந்தப் படம் வண்ணப் படம்.

கடைசியாக, துணியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். முகமே கரைந்துபோனால் இன்னும் மெல்லிய நெட் வாங்க வேண்டும்.