திருவருகைக் கால வாசகங்களில் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி: சிந்திப்பதற்கு ஒரு வழிமுறை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் வாசகங்களில் எதிர்நோக்கும் அமைதியும் மகிழ்ச்சியும் திரும்பத் திரும்ப வருகின்றன. வட சென்னையின் இராயபுரத்திலோ எண்ணூரிலோ அன்பியமாக, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுவாகக் கூடி இவற்றைச் சிந்திக்கும்போது, "என் உள்ளத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா?" என்ற கேள்வியோடு தொடங்கிவிடுவது எளிது. அந்தக் கேள்வி பிறகு வரட்டும். இந்த வார்த்தைகளை முதலில் சொன்னவர் யார், எந்த நெருக்கடியில் இருந்துகொண்டு சொன்னார் என்பதைத் தெரிந்துகொண்ட பின் சிந்திப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஞாயிறு அதிகாலையில் காசிமேட்டில் மீன் வியாபாரம் மும்முரமாக இருக்கும் என்பதால், அந்தத் தொழிலில் உள்ள குடும்பங்கள் சனிக்கிழமை மாலையே அமர்வது நல்லது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒருவர் வாசகத்தை நிதானமாக உரக்கப் படிக்கட்டும். சற்று அமைதிக்குப் பின் இன்னொருவர் அதையே மறுபடியும் படிக்கட்டும். வாசகத்தாளோடு நின்றுவிடாமல் திருவிவிலியத்தைத் திறந்து, அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் பாருங்கள். திருப்பலிக்கு ஒரு பகுதி மட்டுமே எடுக்கப்படுவதால், பேசியவரின் நிலைமை பல வேளைகளில் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. அதில் மூன்றாம் ஆண்டின் முதல் ஞாயிறுக்குரிய எரேமியா 33:14-16 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாவீதின் வழிமரபில் நீதியுள்ள தளிர் ஒன்றை முளைக்கச் செய்வதாக ஆண்டவர் அங்கே வாக்களிக்கிறார். அதே அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போனால், இறைவாக்கினர் எரேமியா காவல்கூடத்தில் அடைபட்டிருப்பது தெரியும். வெளியே பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. இதை அறிந்தபின் அந்த வாக்குறுதி வேறு விதமாகக் காதில் விழுகிறது. நம் பகுதிக்கும் அப்படி ஒரு திருவருகைக் காலம் வாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. டிசம்பர் 10, இரண்டாம் ஞாயிறு. அன்றைய முதல் வாசகம், நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு ஆறுதல் கூறும்படி கடவுள் கட்டளையிடும் எசாயா 40. ஆகவே, எதிர்நோக்கைப் பற்றி எழுதுவதற்கு முன், உங்கள் தெருவில் இன்று உடைந்து கிடப்பது எது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதாமல் எரேமியாவோடு பேச முடியாது.

அமைதிக்கு எசாயா 11-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும்; அது 6-ஆம் வசனம். ஏழைகளுக்கு நேர்மையோடு நீதி வழங்கப்படுவது 4-ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றாமல் சிந்தியுங்கள்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. திருவருகைக்கால வளையத்தில் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். மூன்றாம் ஆண்டில் அன்று வாசிக்கப்படும் பிலிப்பியர் 4-இல், ஆண்டவரோடு இணைந்து மகிழுங்கள் என்று எழுதும் பவுல் சிறையில் இருக்கிறார். அன்றைய நற்செய்தியில் (லூக்கா 3:10-18) மக்களும் வரிதண்டுவோரும் படைவீரரும் தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும், விதித்ததற்கு மேல் வசூலிக்க வேண்டாம், மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம் என்று அவரவர் தொழிலுக்கேற்ற விடை கிடைக்கிறது. மகிழ்ச்சியின் ஞாயிறுக்கு இந்தப் பகுதி அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கே நெடுநேரம் தங்குங்கள். மீன் விற்பவர் தம் தராசைப் பற்றியும், ஆட்டோ ஓட்டுபவர் தாம் கேட்கும் கட்டணத்தைப் பற்றியும், ஆள் வைத்து வேலை வாங்குபவர் கொடுக்க வேண்டிய கூலியைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டு, அந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

பகிர்வின்போது ஒருவர் பேசுவதை மற்றவர் திருத்த வேண்டாம். இறுதியில் உரோமையர் 15:13-ஐச் செபமாகச் சொல்லலாம். மூன்றும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன.

அண்மையில் துக்கம் நடந்த வீட்டில் அன்பியம் கூடினால், மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அங்கே மத்தேயு 11:2-6 வாசியுங்கள். வரவிருப்பவர் நீர்தாமா என்று சிறையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கும் யோவானை இயேசு கடிந்துகொள்ளவில்லை. கேட்டதையும் கண்டதையும் போய் அவரிடம் சொல்லுங்கள் என்றே சொல்லி அனுப்புகிறார். வாசித்து முடித்ததும் விளக்கம் எதுவும் சேர்க்காமல் அவர்களோடு சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள்.