கல்லூரியின் முதல் ஆண்டு: நெல்லைச் சீமை மாணவர்களுக்குச் சில வழிமுறைகள்

பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று திருநெல்வேலியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் முதலாம் ஆண்டு சேருகிறவர்களில் பலர், அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், மானூர் போன்ற ஊர்களிலிருந்து நாள்தோறும் பேருந்திலோ ரயிலிலோ வந்து போகிறவர்கள். பள்ளியில் ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாள் வகுப்பாசிரியர் காரணம் கேட்பார். மதிப்பெண் குறைந்தால் பெற்றோரை வரச் சொல்வார். கல்லூரியில் பல வாரங்கள் யாரும் எதுவும் கேட்காமல் இருக்கக்கூடும். பருவம் (செமஸ்டர்) முடியும் தறுவாயில் வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டப்படும்போதுதான் பலருக்கும் நிலைமை புரிகிறது. ஆகவே சேர்ந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வதே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று கருதுகிறேன்.

முதலில் வருகைப் பதிவு. ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அப்படியானால் நீங்கள் தவறவிடக்கூடியவை 22 நாட்கள். இது தாராளமாகத் தோன்றினாலும் நம் பக்கத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள்: ஊர்க் கோயில் கொடை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டும் நாட்கள், ஐப்பசி மழையில் பேருந்து வராத நாட்கள், இடையில் ஒரு காய்ச்சல் என்று எல்லாம் சேர்ந்தால் அந்த 22 நாட்கள் விரைவில் தீர்ந்துவிடும். தசரா வருவதும் நவம்பர்த் தேர்வுகளுக்குச் சற்று முன்னதாகத்தான். எனவே ஜூலையிலேயே வீட்டாருடன் உட்கார்ந்து, எந்தெந்த விசேஷத்துக்கு அவசியம் விடுப்பு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சத்தை உடம்புக்கு முடியாத நாட்களுக்கென ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது அகமதிப்பீடு, அதாவது பருவத்தின் இடையே உள்தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் கல்லூரியே தரும் மதிப்பெண். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துத் தாள் ஒன்றுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கும் உரியவை. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த விகிதம் மாறலாம், ஆதலால் உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்தேர்வை ஒத்திகையாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பிறகு பருவத் தேர்வில் எவ்வளவு எழுதினாலும் அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்ய முடிவதில்லை. ஒப்படைப்புகளைக் குறித்த நாளில் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்கு ஆங்கில வழி வகுப்புதான் முதல் பருவத்தின் பெரிய சுமை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இந்த ஒரு காரணத்தால் தங்களுக்கு அறிவு குறைவு என்று முடிவு கட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பாடம் புதிதன்று, இயற்பியலோ வணிகவியலோ, அடிப்படைக் கருத்துகளில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எனவே உங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் வைத்துக்கொண்டு, அதே பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகத்தையும் அருகில் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் படியுங்கள். இரண்டும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளுக்குப் பத்துக் கலைச்சொற்களை ஒரு நோட்டில் இருமொழியிலும் எழுதிவந்தால் முதல் பருவம் முடிவதற்குள் விரிவுரையின் போக்கைப் பிடித்துவிடலாம். ஐயத்தைத் தமிழிலேயே கேளுங்கள். நம் கல்லூரி ஆசிரியர்களில் மிகப் பலர் இதே ஊர்களிலிருந்து இதே வழியில் வந்தவர்கள். அவர்கள் குறைவாக நினைக்கமாட்டார்கள். இரண்டாம் பகுதியான ஆங்கிலத் தாளை அலட்சியம் செய்யாதீர்கள்; முதன்மைப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறிய பின்னும் அந்த ஒரு தாள் நிலுவையில் நின்றால் பட்டம் கிடைக்காது.

பயணத்தில் வீணாகும் நேரத்தைக் குறித்து வருந்துவதைவிட, நெரிசலில் படிக்க முயல்வதைக் கைவிட்டு, வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் கல்லூரி நூலகத்திலோ பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ இருந்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பது நல்லது.

உதவித்தொகைகளுக்குச் சேர்ந்த மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் இந்தப் பணம் வந்து சேராது.

நட்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதியைக் காட்டும் அடையாளமாகிப் போனதும், 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் நீதிபதி சந்துரு குழு அதைத் தடை செய்யப் பரிந்துரைத்ததும் எல்லோரும் அறிந்தவை. கல்லூரியில் யார் பக்கத்தில் அமர்வது, யாரோடு சாப்பிடுவது என்பதை ஊர்க்காரர்களோ ஒரே சாதி மூத்தவர்களோ முடிவு செய்ய விடாதீர்கள். முதல் வாரத்தில் அமரும் இடமே மூன்று ஆண்டுகளுக்கும் நிலைத்துவிடக்கூடும் என்பதால், இதை முதல் வாரத்திலேயே நீங்களே முடிவு செய்ய வேண்டும். மூத்த மாணவர்கள் மிரட்டினாலோ இழிவுபடுத்தினாலோ பொறுத்துப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் சட்டப்படி குற்றம். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் சொல்லலாம். அல்லது 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். மனம் மிகவும் சோர்ந்து தூக்கமும் படிப்பும் கெடும்போது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

முதல் பருவ முடிவில் ஒரு தாள் போய்விட்டால், அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டு, மறுமதிப்பீட்டுக்கான கடைசி நாளையும் ஏப்ரல் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் நாளையும் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறைத்து வைத்தால் கட்டணம் கட்டும் நாள் கடந்துவிடும்; பிறகு அந்தத் தாளுக்கு நவம்பர் வரை காத்திருக்க நேரும்.