கடலூர் வெயிலுக்கு வீடு கட்டும்போது எங்கே தவறுகிறோம்?

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், ராத்திரி பத்து மணிக்குப் பாய் எடுக்கப் பரணில் ஏறினேன். கை தற்செயலாக மேல்தளத்தில் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி நேரம் ஆன தோசைக்கல் சூடு. வெளியே தெருவில் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபேன் அந்தத் தளத்துச் சூட்டை எடுத்து எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் முகப்புக்குக் கல் ஒட்டச் செலவழித்த பணத்தில் பாதியை மொட்டை மாடிக்குப் போட்டிருக்கலாம் என்று அன்றுதான் உறைத்தது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புது வீடு கட்டுகிற பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். கோடையில் நண்பகல் சூரியன் நமக்கு உச்சந்தலையில் நிற்கிறது. சுவரைவிடத் தளம்தான் அதிகம் வாங்குகிறது. ஐந்து அங்குல கான்கிரீட் மத்தியானம் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் கழித்து, சரியாக நாம் படுக்கப் போகும் வேளையில் உள்ளே இறக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, அப்புறம் தட்டோடு பதித்தார்கள். இப்போது தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து முடித்துக்கொள்கிறோம், அதிலும் சிலர் செங்காவி நிறத்தில்! கட்டும்போதே சுண்ணாம்பு ஜல்லித் தளம் மூன்று அங்குலம் போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்துவிடுங்கள். கட்டி முடித்தாகிவிட்டதா? சுண்ணாம்பில் பசை கலந்து அடித்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் தூசி படிந்து மங்கிவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தகர ஷீட் போடுகிறவர்கள் பக்கங்களை அடைக்காதீர்கள். அடைத்தால் தளத்துக்கு மேல் இன்னொரு அடுப்பு.

ஏசி இல்லாத காலத்தில் இதே கடற்கரையில் கான்கிரீட்டிலேயே இதைச் சரியாகச் செய்துகாட்டியிருக்கிறார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கியது, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி. வடக்கு, தெற்குச் சுவர்களில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. திறந்து மூடும் படல்கள்தான்.

வடக்கு, தெற்கு என்றதும் அடுத்த தவறு வருகிறது. “தெற்கில் ஜன்னல் வைத்தால் வெயில் அடிக்கும்” என்று சொல்லிச் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரம் வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். மே மாதம் பன்னிரண்டு மணிக்குத் தெற்குச் சுவரைப் போய்ப் பாருங்கள், நிழலில் இருக்கும். படுத்துவது மேற்குச் சுவர். நாலு மணி வெயில் முகத்துக்கு நேரே வரும். இரண்டடி சன்ஷேடு அதை என்ன செய்துவிடும்? உள்ளே திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதானே திரையில் படுகிறது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் மேற்கே போகட்டும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் படுக்கையறை என்று வாஸ்துக்காரர் சொன்னால் நான் சண்டைக்கு வரவில்லை. அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி வைத்துவிட்டு ஜன்னலைத் தெற்கே திறங்கள்.

தெற்கையும் கிழக்கையும் திறக்க இன்னொரு காரணம் காற்று. கோடை என்ற சொல்லுக்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று என்று ஒரு பொருள் உண்டு. மே, ஜூனில் காலையிலிருந்து அந்தக் காற்று அனலாக வீசும். அது அடங்கி, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று நுழைந்தால்தான் ஊருக்கு மூச்சு வரும். கடல்காற்று தாமதமாகும் நாளில் கேட்கவே வேண்டாம். இந்தக் காற்றுக்கு வழி விட்டால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். எதிர்ச்சுவரில் ஜன்னலோ, கதவுக்கு மேல் திறப்போ இல்லாத அறையில் கடலே பக்கத்தில் இருந்தாலும் காற்று வராது. ஸ்லைடிங் ஜன்னல் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஆறடி ஜன்னலில் மூன்றடிதான் திறக்கும்.

ஏர் கூலர் விஷயம் தனி. வேலூர்ச் சொந்தக்காரர் வீட்டில் ஜோராக வேலை செய்கிறது என்று நாங்களும் ஒன்று வாங்கினோம். அங்கே காற்று உலர்ந்தது, தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைய. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரைப் போட்டதில் அறை குளிரவில்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். இப்போது அது துணி மடித்து வைக்கும் மேஜை.

வாசல் முழுக்க சிமென்ட் பூசுவதும், தானே புயலை நினைத்து ஒரு மரம்கூட வைக்காமல் இருப்பதும் பழக்கமாகிவிட்டது. 2011 டிசம்பரில் மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். சுவரை ஒட்டி வைக்காமல் மேற்கே தள்ளி ஒரு வேம்பு வைத்து, பெரிய கிளைகளை மழைக்காலத்துக்கு முன் கழித்துவிட்டால் போதும்.

மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றால் மாசி மகம் முடிந்த கையோடு அடித்துவிடுங்கள். நான் ஒரு தடவை சித்திரையில் ஆள் கூப்பிட்டேன். ஒன்பது மணிக்கே தளத்தில் கால் வைக்க முடியாமல், பாதி அடித்த பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு அவர் இறங்கி வந்துவிட்டார்.