"சொல்லு, சொல்லு" வேண்டாம்: பேசத் தாமதிக்கும் குழந்தையோடு தினம் பத்து நிமிடம்

இரண்டு வயதில் என் மகளிடம் இருந்தவை நான்கே சொற்கள். வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் "மாமா சொல்லு, அத்தை சொல்லு" என்று பரீட்சை வைப்பார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஸ்பீச் தெரபிஸ்ட் என்னைத் திருத்திய விதத்தை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இது சிகிச்சைக்கு மாற்று அல்ல, கூடவே வீட்டில் செய்ய வேண்டியது.

முதலில் காது. கூப்பிட்டால் திரும்புகிறாளே, கேட்காமலா இருக்கும் என்றுதான் நானும் வாதாடினேன். நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால் சத்தம் கேட்கும், ஆனால் மங்கலாக. கதவு தட்டும் ஓசை தெரியும், 'பல்'லுக்கும் 'கல்'லுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போகலாம். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தாலும், பேச்சு தாமதமானால் மறுபடி செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். வலிக்காது.

அடுத்து ஒரு நோட்டு. ஒரு வாரம், குழந்தை சொல்வதை அப்படியே எழுதுங்கள். நாயைப் பார்க்கும்போதெல்லாம் "வவ்" என்றால் அதுவும் ஒரு சொல்தான். வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டிலும் உள்ளதைக் கூட்டுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, அதற்காக வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். சொல்லே இல்லாமல் கை நீட்டிக் காட்டுவது, இழுத்துக்கொண்டு போவது, "செருப்பு எடுத்துட்டு வா" என்றால் புரிந்துகொள்வது, இவற்றையும் குறியுங்கள்.

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டிவி அணைந்திருக்கட்டும். தரையில், குழந்தையின் கண் மட்டத்துக்கு எதிரே உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இப்போது காத்திருங்கள். மொத்தத்தில் கஷ்டமான வேலை இதுதான். சோப்புக் குமிழியை ஒரு முறை ஊதிவிட்டு, குச்சியை உதட்டருகே பிடித்தபடி, ஆவலோடு குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வாய் திறக்கக் கூடாது. அவள் உங்களைப் பார்க்கலாம், கையை ஆட்டலாம், "ப்" என்று ஒரு மூச்சு விடலாம். எது வந்தாலும் அதுதான் அவள் பதில். உடனே "ஊது!" என்று சொல்லி ஊதுங்கள். "சொன்னால்தான் ஊதுவேன்" என்று பணயம் வைத்தால் விளையாட்டு அழுகையில் முடியும், நான் அனுபவித்தாயிற்று.

ஒரு நாள் இந்தப் பத்து நிமிடத்தைப் போனில் பதிவு செய்து கேட்டேன். முழுக்க என் குரல். "இது என்ன? என்ன கலர்? எங்கே போச்சு?" நடுவில் அவள் இரண்டு தடவை "ப்பா" என்றிருக்கிறாள், அதன் மேலேயே நான் பேசியிருக்கிறேன். நீங்களும் ஒரு முறை பதிவு செய்து பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

கேள்வியைக் குறைத்து, நடப்பதைச் சொல்லுங்கள். "இது என்ன?" என்பதற்குப் பதில் "பந்து. பந்து உருளுது. அய்யோ, விழுந்துடுச்சு!" ஒரு கேள்வி கேட்க ஆசை வந்தால் முதலில் நாலு தடவை சும்மா சொல்ல வேண்டும், இது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு.

அவள் சொன்னதோடு ஒரு சொல் சேருங்கள். "கார்" என்றால் "கார் போகுது". "கார் போ" என்று வந்த பிறகு "சிவப்பு கார் போகுது". "தார்" என்று மழலையில் சொன்னால் "தப்பு" என்று நிறுத்தாமல் "ஆமா, கார்!" என்று சரியான உச்சரிப்பைக் காதில் போடுங்கள், போதும். ப, ம போன்ற ஒலிகள் சீக்கிரம் வரும். ர, ழ எல்லாம் மெதுவாகத்தான் வரும், இரண்டு வயதில் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சரி, எப்போது வீட்டுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது? 12 மாதத்தில் மழலை ஒலியோ கையசைத்துக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் "அம்மா வா" மாதிரி தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் நிபுணரிடம் போங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனால் எந்த வயதானாலும் உடனே. "பையன்தானே, மெதுவாப் பேசுவான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். புது அறையில், புது முகத்துக்கு முன்னால், வீட்டில் பேசுகிற குழந்தையும் ஊமைபோல் உட்கார்ந்திருக்கும். என் மகள் முதல் நாள் முழுக்க என் துப்பட்டாவுக்குள்தான் இருந்தாள். தெரபிஸ்ட் வீடியோவைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினார்.