மரைன் டேங்க்ல உப்பு அளவு ஏறாம இறங்காம வச்சுக்கிறது எப்படி

மரைன் டேங்க் (கடல் மீன், பவளம் வளக்கற உப்புத் தண்ணி தொட்டி) வச்சிருக்கவங்க உப்பு ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னு சொல்றதுல முக்காவாசி உப்பு பிரச்சனையே இல்ல, தண்ணி பிரச்சனை. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே டேங்க்லயே தங்கிடும். தூத்துக்குடி உப்பளத்துல நடக்கறதுதான் உங்க ஹால்லயும் மெதுவா நடந்துட்டு இருக்கு. எங்க வீட்டு 200 லிட்டர் டேங்க்ல சென்னை மே மாசம் மேல ஃபேன் ஓடுச்சுன்னா ஒரு நாளைக்கு 4 லிட்டர் வரைக்கும் காணாம போகும், அஞ்சு நாள் கவனிக்காம ஊருக்குப் போயிட்டா 35 பிபிடி (ஒரு கிலோ தண்ணில 35 கிராம் உப்பு) இருந்தது கிட்டத்தட்ட 39-க்கு போய் நிக்கும்.

அதனால முதல் வேலை, டேங்க்ல (சம்ப், அதாவது கீழ வைக்கற ஃபில்டர் தொட்டி இருந்தா, தண்ணிய மேல அனுப்பற ரிட்டர்ன் பம்ப் இருக்கற அறைல) ஒரு மார்க்கர் கோடு போடுங்க. பம்ப் ஓடிட்டு இருக்கும்போது தண்ணி அந்தக் கோட்டுல நிக்கணும், குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்க, உப்புத் தண்ணி இல்ல. தினமும் காலைல கொஞ்சம் கொஞ்சமா, வாரத்துக்கு ஒருநாள் ஒரே அடியா இல்ல.

எந்த நல்ல தண்ணிங்கறதுலதான் பல பேர் கோட்டை விடறாங்க. போர் தண்ணி, மெட்ரோ தண்ணி வேண்டாம், அதுல இருக்கறது எல்லாம் டேங்க்ல சேர்ந்துகிட்டே போகும். கிச்சன் ஆர்.ஓ. தண்ணியும் கண்ண மூடிட்டு எடுக்காதீங்க, குடிக்க ருசியா இருக்கணும்னு நிறைய மெஷின்ல கொஞ்சம் ஆர்.ஓ. பண்ணாத தண்ணிய திரும்ப கலக்கற மாதிரியோ மினரல் சேக்கற மாதிரியோ வச்சிருப்பாங்க, ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கறத அளக்கறது) வாங்கி பாத்துட்டு பூஜ்யத்துக்கு பக்கத்துல இருந்தா ஊத்துங்க. ஏ.சி.ல இருந்து சொட்டற தண்ணி சுத்தம்தானேன்னு கேக்காதீங்க, உள்ள காப்பர் காயில் இருந்தா அது வழியா வர்றது இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

அடுத்து அளக்கறது. பவளம் வச்சிருந்தா 35 பிபிடி, அதாவது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (நல்ல தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) 1.026, மீன் மட்டும்னா கொஞ்சம் கம்மியா இருந்தாலும் சமாளிக்கும், ஆனா எந்த நம்பரா இருந்தாலும் ஆடாம இருக்கணும். நான் ஆரம்பத்துல உப்பு அளக்கற, முள் ஆடற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர நம்பி ஒரு கிளீனர் ஷ்ரிம்ப பறிகொடுத்தேன், முள்ளுல ஒரு சின்ன காத்துக் குமிழ் ஒட்டிகிட்டா உப்பு அதிகமா இருக்கற மாதிரி காட்டும், நானும் நல்ல தண்ணியா ஊத்திகிட்டே இருந்தேன்! இப்ப ரிஃப்ராக்டோமீட்டர்தான் (ஒரு சொட்டு தண்ணில ஒளி வளையறத வச்சு உப்பு காட்டற கருவி). அதையும் வெறும் ஆர்.ஓ. தண்ணி வச்சு பூஜ்யம் பண்ணா பத்தாது, சிலது சாதா உப்புக்காக செஞ்ச ஸ்கேல், கடல் தண்ணிக்கு ஒன்றரை பிபிடி கிட்ட தப்பா காட்டும். 35 பிபிடி கேலிபரேஷன் திரவம் வாங்கி அதுல 35 காட்டற மாதிரி ஸ்க்ரூவ திருகி வச்சுக்கோங்க. கிடைக்கலன்னா எதுவும் கலக்காத சுத்தமான உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணி 963.5 கிராம் கலந்தா ரிஃப்ராக்டோமீட்டர்ல அதே 35 வரணும். சொட்டு விட்டதும் அரை நிமிஷம் பொறுத்து பாருங்க.

இன்னொன்னு, தண்ணி கோட்டுக்கு வந்து அரை மணி நேரம் கலந்த பிறகுதான் அளக்கணும். குறைஞ்ச தண்ணில அளந்துட்டு 37 ஆயிடுச்சேன்னு பதறாதீங்க.

கோட்டுல இருந்தும் 38 காட்டுதுன்னா, 200 லிட்டர் டேங்குக்கு இன்னைக்கு 8 லிட்டர் டேங்க் தண்ணிய எடுத்துட்டு 8 லிட்டர் ஆர்.ஓ., நாளைக்கு அதே மாதிரி இன்னொரு 8, 35-க்கு வந்துடும். குறைவா 32 இருந்தா தயவுசெஞ்சு உப்ப அள்ளி டேங்க்குள்ள கொட்டாதீங்க, கரையாத உப்பு பவளம் மேல விழுந்தா அந்த இடம் வெந்துபோகும். டாப்-அப்புக்கு நல்ல தண்ணிக்கு பதிலா 35 பிபிடி உப்புத் தண்ணி ஊத்துங்க, தினம் 4 லிட்டர்னா நாலஞ்சு நாள்ல தானா ஏறிடும். ஸ்கிம்மர் (அழுக்க நுரையா வெளிய எடுக்கற கருவி) தண்ணியா கக்கிகிட்டே இருந்தா உப்பும் அதோட வெளிய போகுது, அதையும் ஒருதடவ பாருங்க.

உப்புத் தண்ணி கலக்கும்போது முதல்ல பக்கெட்ல தண்ணி, அப்பறம் உப்பு, மாத்திப் போட்டா கால்சியம் வெள்ளையா படிஞ்சு வீணாகும். லிட்டருக்கு 36ல இருந்து 38 கிராம் வரைக்கும் பிடிக்கும், பிராண்டுக்கு பிராண்ட் மாறும், சின்ன பம்ப் போட்டு ஓட விட்டு அளந்துட்டு ஊத்துங்க. சமையல் கல்லுப்பு கிடையாது, மரைன் டேங்குக்குன்னே விக்கற சால்ட் மிக்ஸ் மட்டும்தான். பீச் தண்ணி எடுத்துட்டு வரலாமான்னா, ஐப்பசி கார்த்திகை மழைல அடையாறும் கூவமும் கடல்ல கொட்டற நேரத்துல கரையோர உப்பு இறங்கிடும், சாக்கடையும் கூட வரும், நான் எடுக்க மாட்டேன்.

ஏ.டி.ஓ. (தண்ணி குறைஞ்சா டிரம்ல இருந்து தானா நல்ல தண்ணி ஊத்தற கருவி) மாட்டறவங்க ஒன்னு கவனிங்க, ஃப்ளோட் சிக்கிகிட்டா டிரம்ல இருக்கற மொத்த தண்ணியும் டேங்க்குள்ள போயிடும். 20 லிட்டர் டிரம்னா 35 இருந்தது 32-க்கு வரும், தப்பிச்சிடலாம், 100 லிட்டர் டிரம்னா முடிஞ்சது கதை. டிரம்ம சின்னதா வைங்க.

புது மீன் வாங்கிட்டு வந்தா பை தண்ணிய முதல்ல அளங்க. கடைல செலவு மிச்சம் பண்ண 1.018, 1.020-னு ஓட்டுவாங்க, அத அப்படியே 1.026-ல விட்டா மீனே திணறும், இறாலுக்கும் ஸ்டார் ஃபிஷ்ஷுக்கும் கேக்கவே வேணாம். ஏர் டியூப்ல ஒரு முடிச்சு போட்டு சொட்டு சொட்டா டேங்க் தண்ணிய பக்கெட்டுல விட்டு ரெண்டு தண்ணியும் ஒரே அளவு வந்த பிறகு உள்ள விடுங்க, இறால்னா ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல.