ஐ.நா. குழுவுக்கு நிழல் அறிக்கை எழுதுவது எப்படி? மலையக லயன் அறைகளை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1966இல் ஏற்றுக்கொண்டது. இலங்கை அதில் 1980இல் இணைந்தது. இணைந்த நாடுகள் குறித்த கால இடைவெளிகளில் அளிக்கும் அறிக்கைகளை 18 சுயாதீன நிபுணர்கள் கொண்ட குழு ஜெனீவாவில் ஆராய்கிறது. அரசின் அறிக்கையோடு, மக்கள் அமைப்புகள் அனுப்பும் நிழல் அறிக்கைகளையும் அக்குழு படிக்கிறது. அத்தகைய அறிக்கையை முதன்முறையாக எழுதுவோருக்காக, மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளின் அறைகளை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் படி: பழைய பரிந்துரைகளைப் படியுங்கள்

பலர் உடன்படிக்கையின் முதல் உறுப்புரையிலிருந்து தொடங்கிச் சோர்ந்துவிடுகிறார்கள். குழு முன்னர் வெளியிட்ட முடிவு அவதானிப்புகளிலிருந்து, அதாவது அரசின் அறிக்கையை ஆராய்ந்த பின் அது எழுதிய கருத்துகள், பரிந்துரைகளிலிருந்து தொடங்குவதே நல்லது. ஐ.நா. இணையதளத்தில் 'ஈ/சி.12/எல்கேஏ/சிஓ/5' (E/C.12/LKA/CO/5) என்ற ஆவணத்தைத் தேடினால் 2017ஆம் ஆண்டுக்கான அவதானிப்புகள் கிடைக்கும். 'எல்கேஏ' இலங்கையையும், 'சிஓ' முடிவு அவதானிப்புகளையும், 5 ஐந்தாவது அறிக்கையையும் குறிக்கும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே, அது நிறைவேறியதா இல்லையா என்பதை உங்களுக்குத் தெரிந்த அளவில் எழுதி வையுங்கள். அறிக்கையின் எலும்புக்கூடு அதுதான்.

இரண்டாம் படி: குறையை உறுப்புரையோடு பொருத்துங்கள்

வீட்டுரிமை 11ஆம் உறுப்புரையில் வருகிறது. 'போதுமான வீடு' என்றால் என்ன என்பதைக் குழு 1991இல் வெளியிட்ட 4ஆவது பொதுக் கருத்துரை ஏழு அம்சங்களாக விளக்குகிறது: குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பு, தண்ணீர் முதலிய வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வசிக்கத் தகுந்த நிலை, எல்லோருக்கும் எட்டும் தன்மை, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம். லயன் அறை என்றதும் ஒழுகும் கூரையும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் தலைமுறைகளாக ஒரே அறையில் வாழும் குடும்பத்தின் கையில் காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்) இல்லை என்பதே என் பார்வையில் இவற்றுள் மிகக் கனமான செய்தி. ஏழு அம்சங்களில் முதலாவதும் அதுவே.

மூன்றாம் படி: ஆதாரம் திரட்டுங்கள்

'தோட்ட மக்கள் அவல நிலையில் வாழ்கிறார்கள்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு நிபுணர் அரசுத் தரப்பிடம் எதையும் கேட்க முடியாது. ஒரு லயனை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை குடும்பங்கள், ஓர் அறையில் எத்தனை பேர், கூரைத் தகரம் கடைசியாக மாற்றப்பட்டது எந்த ஆண்டு, தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தூரம், ஒரு கழிப்பறையை எத்தனை வீட்டார் பயன்படுத்துகிறார்கள் என்று தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் தருவோரின் சம்மதத்தைப் பெறுவதும், அவர்களது பெயரை வெளியிடாதிருப்பதும் கட்டாயம். வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடத்தில் வாய்திறப்பதற்கே துணிவு வேண்டும்.

நான்காம் படி: 'பணம் இல்லை' என்ற பதிலுக்குத் தயாராகுங்கள்

உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்றலாம் என்று 2ஆம் உறுப்புரை கூறுவது உண்மை. ஆனால் கிடைக்கும் வளங்களை அதிகபட்சம் பயன்படுத்த வேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. பாகுபாடின்மையோ உடனடிக் கடமை. ஆகவே வீடமைப்புக்கு ஒதுக்கிய தொகையையும் உண்மையில் செலவான தொகையையும் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களிலிருந்து எடுத்து, அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: காலம் பார்த்து அனுப்புங்கள்

குழு அரசுக்கு வினாப் பட்டியல் தயாரிக்கும் வேளையிலும், அரசுப் பிரதிநிதிகளுடன் நேரில் உரையாடும் அமர்வுக்கு முன்பும் அறிக்கை அனுப்பலாம். முன்னதைத் தவறவிடாதீர்கள், பட்டியலில் இடம்பெற்ற கேள்விக்கு அரசு எழுத்தில் பதில் அளிக்க வேண்டியிருக்கும். தமிழில் அனுப்ப இயலாது என்பதால் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மொழிபெயர்த்த அறிக்கையைத் தகவல் தந்த குடும்பங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே அனுப்புங்கள்.

தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிசெய்யும், இவ்வுடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை 2013இல் நடைமுறைக்கு வந்தபோதிலும் இலங்கை அதில் இணையவில்லை. எனவே இந்த அறிக்கைச் சுற்றின் பெறுமதி இன்னும் கூடுகிறது. புதிய அவதானிப்புகள் வெளியானதும் அவற்றைத் தமிழாக்கி, முன்பு சென்ற அதே லயனுக்கு எடுத்துச் சென்று, அதே கேள்விகளை மீண்டும் கேட்டுத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.