டீசல் கலந்த மண்ணில் உலோகமும் இருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்யுமா? சோதித்துப் பார்க்கும் வழி

டீசல் கொட்டிய மண்ணுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் கொடுத்து, ஈரம் காத்து, அடிக்கடி கிளறிவிட்டும் மாதக்கணக்கில் டீசல் குறையவில்லை என்றால், டீசலைத் தின்னும் பாக்டீரியாவைக் குறை சொல்லும் முன் அங்கே காட்மியம், செம்பு, துத்தநாகம், ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை பாக்டீரியாவின் நொதிகளில் (டீசலைச் சிதைக்கும் புரதங்களில்) போய் ஒட்டிக்கொண்டால் நொதி முடங்கிவிடும், டீசல் அப்படியே கிடக்கும்.

அமிலத்தில் மண்ணைக் கரைத்து எடுக்கும் மொத்த உலோக அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். களிமண்ணிலும் மட்கிலும் இறுகப் பிடிபட்ட ஈயம் பாக்டீரியாவை அதிகம் தொடுவதில்லை, நீரில் கரைந்து அயனியாகத் திரிவதுதான் தொல்லை. அதனால் மண்ணை நீரில் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அந்த நீரிலும் உலோகத்தை அளந்துவிடுங்கள். கூடவே பிஎச்சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள், அது இறங்கி மண் அமிலமாக ஆக இந்த உலோகங்கள் கரைந்து வெளியே வரும்.

சரி, இனி அந்த மண்ணைக் குடுவைகளில் போட்டுச் சோதிப்போம். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) நுண்ணுயிர்களைக் கொன்ற மண், அப்படியே விட்ட மண், சத்து சேர்த்தது, சத்தோடு சுண்ணாம்பும் சேர்த்தது, ஒவ்வொன்றிலும் மூன்று. சுண்ணாம்பு பிஎச்சை உயர்த்தி உலோகம் கரைவதைக் குறைக்கும். கொன்ற மண்ணில் குறைவது ஆவியாகிப் போனதுதான், அதைக் கழித்தால்தான் நுண்ணுயிர்கள் தின்றது எவ்வளவு என்று தெரியும். நுண்ணுயிர்கள் டீசலைத் தின்று வெளிவிடும் கரியமில வாயுவை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள்: நீர்த்த சுண்ணாம்பு அந்த வாயுவை உறிஞ்சும், சுண்ணாம்புக்கல் பொடி அமில மண்ணில் அதையே வெளிவிடும். மிச்சமுள்ள டீசலை வாயு நிறப்பகுப்பில் (கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் கருவியில்) அளப்பதே நம்பகமானது.

உலோகம் சேர்த்த திரவ ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பவர்கள் பலர் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். வழக்கமான பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) ஈயத்தைப் போட்டால் அது வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும், பாக்டீரியா செழிப்பாக வளரும், நாமும் அது ஈயத்தைத் தாங்குகிறது என்று எழுதிவிடுவோம். ஈஸ்ட் சாறும் பெப்டோனும்கூட உலோகத்தைப் பிடித்து வைக்கும். பாஸ்பேட்டை மிகக் குறைத்து, மாப்ஸ் (MOPS) அல்லது பைப்ஸ் (PIPES) என்ற பாஸ்பேட் இல்லாத தாங்கலைப் பயன்படுத்துங்கள், அப்புறம் கரைசலில் உண்மையில் மிஞ்சிய உலோகத்தை அளந்து அந்த எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று குடுவையைக் கழுவிவிட வேண்டாம். உலோகத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புகள் உள்ள பாக்டீரியா வகைகள் பெருகக் காலம் எடுக்கும், தொடக்கத் தேக்கம் நீண்டாலும் பிறகு சிதைவு வேகம் பிடிப்பதுண்டு.

சுண்ணாம்புக் குடுவையில் மட்டும் டீசல் நன்றாகக் குறைந்தால், தடை உலோகம்தான் என்பதற்கு நல்ல அறிகுறி, ஆனால் அமில மண்ணாக இருந்தால் பிஎச் உயர்ந்ததே பாக்டீரியாவுக்கு உதவியிருக்கலாம், வடிநீரில் உலோகம் குறைந்ததா என்றும் சேர்த்துப் பாருங்கள். குறைந்திருந்தால் களத்திலும் பிஎச்சை நடுநிலைக்கு அருகே கொண்டுவரலாம். ஆர்செனிக்கோ ஆறிணைதிறக் குரோமியமோ (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) இருக்கும் மண்ணில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்: பிஎச் ஏறினால் அவை இன்னும் இளகி நிலத்தடி நீருக்கு இறங்கும், பாஸ்பேட் போட்டாலும் ஆர்செனிக் பிடிவிட்டு வெளியே வரும்.